பீமா குரைத்த ஞாயிறு

டிசம்பர் 3, 2007

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. கீழ் முகாமில் டாக்டர் எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். தினமும் எதையாவது எழுத வேண்டும், எந்த மொழியாக இருந்தாலும் சரி. மாலையில் போஸ்ட் தலைவர் சுபேதார் வர்கீஸ் சாப் வாங்கிப் பார்ப்பார். படிக்க மாட்டார். மலையாளிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கையெழுத்தை மட்டும் பார்ப்பார். இவ்வளவு உயரத்தில் மூளைக்குக் காற்று போதவில்லை என்றால் முதலில் கோணுவது கையெழுத்துதானாம். "உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உன் எழுத்துக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

எனவே நேராக எழுதுகிறேன். பட்டாளத்தில் சேரும் முன் ஆற்காட்டில் இரண்டு ஆண்டு டியூஷன் எடுத்தவன் நான். கையெழுத்துக்குக் குறைவில்லை.

இன்று காலை மேலே வந்து சேர்ந்தோம். எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து ஏற்றினார்கள். இடுப்பில் ஆளுக்கொரு நீண்ட சிவப்பு நாடா. பின்னால் வால் போல இழுபட்டு வந்தது. அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

உயரம் என்றால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய உதாரணம் பூட்ஸ் கயிறு. ஊரில் பேச்சோடு பேச்சாகக் கட்டிவிடுவோம். இங்கே ஒரு காலுக்குக் கட்டிவிட்டு, உட்கார்ந்து இளைப்பாறி, பிறகுதான் மறு காலுக்குக் கட்டலாம். மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5

வேலைகளுக்குக் குறைவே இல்லை. பனியை வெட்டிக் குண்டானில் போட்டு உருக்கினால்தான் தண்ணீர். குண்டான் நிறையப் பனி போட்டால் அடியில் ஒரு சொம்பு தேறும். குடிசைக் கூரையில் சேரும் பனியைத் தள்ள வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பான புகாரியை இரவு முழுவதும் ஒருவன் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் புகையில் தூங்கியவர்கள் எழுந்ததில்லை. காலையில் துப்பினால் கறுப்பாக வருகிறது.

மாலையில் கால் பார்க்கும் நேரம். இங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி. என் ஜோடி லான்ஸ் நாயக் தவசி, ஆண்டிப்பட்டிக்காரன். அவன் என் காலைத் தன் மடியில் வைத்து விரல் விரலாக அழுத்துவான். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். சிவந்தால் "சரி சாப்" என்று குரல் கொடுப்பான். அவன் காலை நான் பார்ப்பேன். தன் காலைத் தானே பார்த்துச் சொன்னால் செல்லாது. அதற்குக் காரணம் இருக்கிறது. மரத்துப்போன விரல் வலிக்காது. வலிக்காத இடத்தைப் பற்றி எவனும் கவலைப்பட மாட்டான்.

"வாத்தியாரண்ணே, எங்கப்பன் காலக்கூட நான் இப்படி மடியில வச்சுப் பாத்ததில்ல" என்றான் தவசி. "ஊருக்குப் போயி யார்ட்டயும் சொல்லிப்புடாதீக."

டிசம்பர் 6

போஸ்டுக்கு எதிரே ஒரு சரிவு இருக்கிறது. பகல் முழுக்க வெள்ளையாக, ஒன்றும் தெரியாதது போல் நிற்கிறது. அதை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'எதிர்வீட்டுக்காரர்' என்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, எதிர்வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்பதுதான். அதைப் பார்த்து நின்றுகொண்டு யாரும் உரத்துப் பேச மாட்டார்கள். சாப் தும்மல் வந்தால்கூட அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொள்கிறார்.

மதியம் ஒருமுறை லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. எட்டுப் பேரும் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கோ தொலைவில்தான்.

டிசம்பர் 9, ஞாயிறு

ஞாயிறு தோறும் சாப்பின் குடிசையில் சாட்டிலைட் போன். ஆளுக்கு நான்கு நிமிடம்.

இதில் ஒரு சிரமம் உண்டு. பேச்சு வானத்துக்குப் போய் இறங்கி வர நேரமாகிறது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல. அது தெரியாமல் பேசினால் இரண்டு பேச்சும் நடுவழியில் மோதிக்கொள்ளும். தவசியும் அவன் மனைவி பேச்சியும் மோதிய மோதல் இருக்கிறதே!

"ஏ பேச்சி, சாப்பிட்டியா? என்னது? நீ சொல்லு. இல்ல, நீ சொல்லு. அட, நீயே சொல்லுங்கறேன்ல!"

நான்கு நிமிடமும் முடிந்தது. "'நீ சொல்லு'ன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னதுதான் மிச்சம்ணே. சாப்பிட்டாளா இல்லியான்னு அடுத்த வாரந்தான் தெரியும்" என்றான். சாப் சிரித்தார். அவர் வீட்டம்மாவுக்கு இது பழக ஒரு முழு போஸ்டிங் ஆயிற்றாம்.

என் தமயந்தியோடு ஒருமுறைகூட மோதவில்லை. நான் முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் பேசினாள். வீட்டில் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை அவள். பிரிவு ஆளைப் பொறுமைசாலி ஆக்கிவிடும் போலிருக்கிறது.

கீழே ரேஷன் கிடங்கில் வேலை என்று சொன்னேன். பருப்பு டின்களை அடுக்குவதும் கணக்குப் பார்ப்பதும்தான் என்றேன். பனி எல்லாம் மலை உச்சியில்தான், இங்கிருந்து பார்த்தால் தயிர் ஊற்றியது போல அழகாகத் தெரியும் என்றேன். பட்டாளத்து விலாசத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. அது ஒரு வசதி.

அல்லி போனை வாங்கினாள். நான்கு வயதுக்கு நல்ல குரல். "நைனா, அங்க உங்கூட யாரு வெளாட்றாங்க?" என்றாள். வாய்க்கு வந்தபடி, ஒரு நாய் இருக்கிறது, பெயர் பீமா என்றேன்.

டிசம்பர் 12

ஏன் பொய் சொன்னேன் என்பதை எழுதிவைக்கிறேன். சாப் படிக்கப் போவதில்லை.

தமயந்திக்கு ஒரு அண்ணன் இருந்தான், மாசிலாமணி. என் பட்டாலியன், என் பேட்ச். ஆறு ஆண்டுக்கு முன் இதே மலைகளில் வேறொரு போஸ்டில் பனிச்சரிவில் போனான். கோடையில் பனி இளகிய பிறகுதான் கிடைத்தான். ஒரே ஊர்ப்பக்கம் என்பதால் பெட்டியோடு நான் போனேன். தமயந்தியை முதலில் பார்த்தது அந்தப் பெட்டியின் மறுபக்கத்தில்தான். அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பனிக்கு மட்டும் போக மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். பட்டாளத்தில் இருப்பவன் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஆகவே அவளுக்குத் தெரியக் கூடாது. மார்ச் மாதம் இறங்கிவிடுவேன். அதுவரை கிடங்கு, பருப்பு டின், பீமா.

டிசம்பர் 16, ஞாயிறு

பீமா கறுப்பு. இடது காது மட்டும் வெள்ளை. சப்பாத்தி தின்னும், பருப்பைத் தொடாது. அல்லி கேட்கக் கேட்க நாய் வளர்ந்துகொண்டே போகிறது.

தமயந்தி பேசும்போது, "ஏங்க, ஈர சாக்ஸை அடுப்பாண்ட போடாதீங்க. வயித்துமேல வெச்சிக்கினு படுங்க, காஞ்சிடும்" என்றாள்.

கிடங்கில் இருப்பவனுக்கு அது எதற்கு என்றேன்.

ஒரு மூச்சு. "டிவில சொன்னாங்க" என்றாள்.

நல்ல யோசனைதான். இன்று அப்படியே செய்தேன். காய்ந்துவிட்டது.

டிசம்பர் 19

பனி. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 20

பனி.

டிசம்பர் 23, ஞாயிறு

மேகமூட்டம். போன் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை உறுமினார். தவசி கணக்கு வைத்துக்கொள்கிறான். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 26

சாப்பின் கிறிஸ்துமஸுக்குக் கண்டென்ஸ்டு மில்க்கில் ரவை போட்டுக் கேசரி மாதிரி ஒன்று கிண்டினோம். நன்றாகவே இருந்தது. இடது கால் பெருவிரல் கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது. கட்டில் காலில் இடித்திருப்பேன்.

டிசம்பர் 30, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

அல்லி எடுத்த எடுப்பிலேயே, "நைனா, பீமாவைக் கொலைக்கச் சொல்லு" என்றாள். எங்கள் பக்கம் நாய் குரைப்பதைக் குலைப்பது என்போம், அவள் வாயில் அது கொலைப்பது. தூங்குகிறது என்றேன். எழுப்பு என்றாள். வெளியே போயிருக்கிறது என்றேன். "இப்பத்தானே தூங்குதுன்ன?" என்று அழ ஆரம்பித்தாள். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் அழுகையில் போயிற்று.

பக்கத்தில் தன் முறைக்குக் காத்திருந்த தவசி எழுந்தான். என் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்து, முகத்தை நீட்டி, குரைத்தான். சும்மா 'பவ் பவ்' என்று அல்ல. முதலில் ஒரு உறுமல், பிறகு மூன்று குரைப்பு, கடைசியில் வாலாட்டும் நாய் போல ஒரு முனகல். ஆண்டிப்பட்டிக் காட்டில் ஆட்டுக்கிடையில் வளர்ந்தவன். நாயை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறான்.

வானத்துக்குப் போய் இறங்கி வந்தது அல்லியின் சிரிப்பு. நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டோம். இந்தக் குடிசையில் ஒரு குழந்தையின் சிரிப்பு கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மதி மதி, போதும், இனிமேல் நீ லான்ஸ் நாயக் பீமா" என்றார் சாப். அப்புறம் கதவைத் திறந்து எதிர்ச்சரிவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரைப்பு அவ்வளவு உரக்கத்தான் இருந்தது.

தமயந்தி கடைசியாகப் பேசினாள். "பீமாகிட்ட உங்கள நல்லா பாத்துக்கச் சொல்லுங்க. நீங்களும் அத்த நல்லா பாத்துக்கங்க." ஒரு நாயைப் பற்றி இவ்வளவு அக்கறையாக அவள் பேசிக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் நாய் வந்தால் கல்லெடுப்பவள்.

ஜனவரி 4

பெருவிரலோடு அடுத்த விரலும். தவசி அழுத்தினான். வெளுத்தது. விட்டான். வெளுத்தபடியே இருந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"சரின்னு சொல்லு" என்றேன் மெதுவாக.

"அண்ணே, சிவக்கல."

"நாளைக்குச் சிவக்கும். சொல்லு."

அவனுக்கு விளக்கினேன். உடம்புக்கு முடியவில்லை என்று ஒருவனை இறக்கினால் பட்டாலியன் ஆபீஸ் வீட்டுக்குத் தகவல் சொல்லும். எங்கே இருந்தான், எங்கிருந்து இறக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருக்கும். இவர் பனியில் இருந்தார் என்று யாரோ முன்பின் தெரியாத ஒருவன் போனில் தமயந்தியிடம் சொல்வான். அவள் அண்ணன் விஷயத்திலும் செய்தி அப்படித்தான் வந்தது.

தவசி கொஞ்ச நேரம் என் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "சரி சாப்!" என்று கத்தினான்.

"எம் பொண்டாட்டிட்டக்கூட இப்படிப் பொய் சொன்னதில்லண்ணே" என்றான்.

ஜனவரி 6, ஞாயிறு

பீமா குரைத்தது. அல்லி பதிலுக்குக் குரைத்தாள். தமயந்தி, "கால் எல்லாம் எப்டி கீது?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். கிடங்கில் நாள் முழுக்க நின்றால் கால் வலிக்காதா என்றுதான் கேட்டாளாம்.

ஜனவரி 11

எதிர்வீட்டுக்காரர் பகல் முழுதும் தூங்கவில்லை. தண்ணீருக்குப் பனி வெட்டப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போகிறேன். பார்க்காவிட்டால் அது நம்மையும் பார்க்காது என்று எனக்குள் ஒரு எண்ணம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒளிவார்களே, அது போல. பயம் என்று இல்லை.

ஜனவரி 15

பொங்கல். பச்சரிசி வேகவே மாட்டேன் என்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அதில் சூடு இருக்காது. சத்தம் மட்டும் போடும் ஆசாமி போல. குக்கரில் வைத்து ஒருவழியாக இறக்கினோம். தவசி வெளியே போய், எதிர்ச்சரிவுக்குக் கேட்காமல், "பொங்கலோ பொங்கல்" என்று காதோடு சொல்வது போலச் சொன்னான்.

விரல் இரண்டும் மெழுகு நிறம். தேய்த்தால் கொஞ்சம் நிறம் திரும்புவது போலத் தெரிகிறது. தவசி 'சரி' சொல்லும்போது இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

பேச்சி ஒருவழியாகக் காத்திருந்து பேசப் பழகிவிட்டாள். இத்தனை வாரம் கழித்து அவர்கள் முழுதாக நான்கு வாக்கியம் பேசிக்கொண்டார்கள். தவசிக்குத் தலைகால் புரியவில்லை.

போனைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே சாப் என்னிடம் கேட்டார். "ஏகாம்பரம், உன் வீட்டுக்காரி முன்னாடி இந்தப் போனில பேசியிருக்காளா?"

"இல்ல சாப்."

"முதல் நாள்லேர்ந்தே சரியா நிறுத்தி நிறுத்திப் பேசுறா. அதான் கேட்டேன்."

அவள் சுபாவம் அப்படி என்றேன். சொன்ன பிறகு அது பொய் என்று எனக்கே தோன்றியது. மேலே யோசிக்கவில்லை. நாளை கூரையில் பனி தள்ள வேண்டும்.

ஜனவரி 23

நாளை காலை மண்ணெண்ணெய் டின் எடுத்துவரக் கீழ்ச்சரிவுக்கு மூன்று பேர் போக வேண்டும். என் முறை. பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்தேன். இடது கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. கயிற்றில் போகும் ஒருவனுக்குக் கால் தெரியவில்லை என்றால் மற்ற இருவருக்கும் ஆபத்து.

தவசி கவனித்துவிட்டான். "சாப், நாளைக்கு வாத்தியாரண்ணனுக்குப் பதிலா நான் போறேன். எனக்கு இங்கன உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிருச்சு" என்றான். சாப் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஜனவரி 24

எதிர்வீட்டுக்காரர்

ஜனவரி 25

நேற்று ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மூன்று பேரும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம். இந்த முறை தொலைவில் இல்லை. குடிசைக் கதவு தானாக உள்ளே வந்து மோதியது. பிறகு வெள்ளைத் தூசி. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மண்வெட்டியோடு இறங்கினோம். இரண்டு பேர் சரிவின் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். தவசியைக் காணோம். கயிறு அறுந்திருந்தது. நான் முழங்காலில் தவழ்ந்து தேடினேன். பனியின் மேல் விரல் நீளத்துக்குச் சிவப்பு. நாடாவின் நுனி. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, அறுந்துவிடும். அதன் வழியே தோண்டிக்கொண்டு போக வேண்டும். தோண்டினோம். முதலில் கையுறை வந்தது. அதற்குள் கை இருந்தது.

மூச்சு இருந்தது. முகம் நீலம். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. குடிசைக்குக் கொண்டுவந்து ஆக்சிஜன் வைத்தோம். மாலையில் கண் திறந்தான். என்னைப் பார்த்தான். "அண்ணே, ஒங்க காலு..." என்றான். அவ்வளவுதான்.

ஹெலிகாப்டர் வர மேகம் விலக வேண்டும். விலகவில்லை.

இன்று மாலை சாப் நோட்டை வாங்கிப் பார்த்தார். "எழுத்து கோணுது" என்றார்.

"குளிர் சாப்."

"குளிரா?" நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

என் காலைப் பார்க்க இப்போது ஜோடி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லார் கவனமும் தவசி மேல்தான்.

ஜனவரி 26

குடியரசு தினம். காலையில் சாப் சின்னக் கொடி ஒன்றை ஏற்றினார். அவர் கையை இறக்குவதற்குள் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. தவசியை ஏற்றினோம். போர்வைக்குள்ளிருந்து ஏதோ முனகினான். வலி என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெலிகாப்டர் போன பிறகுதான் புரிந்தது. வாலாட்டும் நாயின் முனகல் அது. என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறான்.

ஜனவரி 27, ஞாயிறு

போன் இல்லை. மேலிடத்துக்குத் தகவல் சொல்ல மட்டும்தான். செய்தி டிவியில் வந்துவிட்டதாம். லடாக்கில் பனிச்சரிவு, வீரர்களின் பெயர் சொல்லவில்லை.

தமயந்தி பார்த்திருப்பாள். பார்த்திருந்தாலும் நான் கிடங்கில்தானே இருக்கிறேன்.

ஜனவரி 30

கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு நுனி. அது என் இடுப்பில் இருந்திருக்க வேண்டியது.

பிப்ரவரி 1

மூன்றாவது விரல்.

பிப்ரவரி 3, ஞாயிறு

முதலில் அல்லி பேசினாள். "நைனா, ஏன் போன வாரம் பேசல? பீமா எங்க?"

இங்கேதான் என்றேன்.

"கொலைக்கச் சொல்லு."

நானே குரைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. வர்கீஸ் சாப் எழுந்து வந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ், மீசை நரைத்த மனிதர். என் கையிலிருந்து போனை வாங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இரண்டு முறை குரைத்தார். குடிசையில் யாரும் சிரிக்கவில்லை.

பதில் வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. "இது பீமா இல்ல. இது வேற நாயி."

சாப் போனை என்னிடம் தந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தமயந்தி வாங்கினாள். "பீமாவுக்கு இன்னாச்சு?"

"கால்ல அடி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு."

ஒரு மூச்சு.

"ஹெலிகாப்டர்லயா?"

கிடங்கு நாயை யாரும் ஹெலிகாப்டரில் அனுப்புவதில்லை. நான்கு நிமிடத்தில் எவ்வளவு போயிற்று என்று பார்க்கவில்லை.

"உயிரோடதானே கீறாரு?" என்றாள்.

"உயிரோடதான். தவசின்னு பேரு." பிறகு கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத ஞாயித்துக்கெழமையே. நான் பேசுறது உங்களுக்கு வந்து சேர்ற வரைக்கும் சும்மா நிக்கிறீங்களே, அந்த நேரம். அண்ணன் பேசும்போதும் அதே அளவுதான். நான் முடிச்சதும் ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் பேசுன்னு அவன்தான் சொல்லிக்குடுத்தான். சாக்ஸும் அவன் சொன்னதுதான்."

"ஏன் சொல்லல?"

மூச்சு. இந்த முறை இரண்டு.

"கடைசியா பேசினப்ப அவன்கிட்ட அழுதுட்டேன். எறங்கி வாடா, எறங்கி வாடான்னு. அவன் பேச வேண்டிய நேரமெல்லாம் நான் அழுதே போச்சு. இன்னா சொல்ல வந்தானோ. அதான் இந்த வாட்டி, நாயப் பத்தியே பேசினு இருந்துடலாம்னு..." அவள் குரல் அங்கே நின்றது. அழவில்லை. அழாமல் இருக்க அவள் என்ன பாடுபட்டாள் என்பது ஆயிரம் மைல் தாண்டி எனக்குக் கேட்டது.

"உங்க கால் எப்டி கீது? மெய்யா சொல்லுங்க."

"மூணு விரல் செத்துப்போச்சு. யார்கிட்டயும் காட்டல. காட்டினா உனக்குத் தகவல் வரும்னு."

பிறகு இந்த நோட்டில் ஒருநாளும் எழுதாததைச் சொன்னேன். "பயமா இருக்கு தமயந்தி."

அந்தச் சொல் மேலே போயிற்று. மலைக்கு மேலே, மேகத்துக்கு மேலே. அங்கிருந்து ஆற்காட்டுக்கு இறங்கி, அவள் காதில் விழுந்து, அவள் பதில் கிளம்பி, அதே வழியில் திரும்ப வேண்டும். நான் காத்திருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுவதிலும் அவ்வளவு பயந்தது அந்த நேரத்தில்தான்.

"எனக்குந்தான்" என்றாள். "மொத நாள்லேர்ந்து. போனை வெச்சிட்டு நேரா போயி உங்க சாப்கிட்ட காலைக் காட்டுங்க. இப்பவே. நான் அழ மாட்டேன்."

போனை வைத்தேன். பூட்ஸைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன். சுவரைப் பார்த்து நின்றவர் திரும்பினார். குனிந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கையெழுத்து சொல்லிச்சு. நான்தான் குளிர்னு விட்டுட்டேன்" என்றார்.

பிப்ரவரி 5

ஹெலிகாப்டர் வருகிறது. மேலேயிருந்து எதிர்வீட்டுக்காரரை முதன்முறையாக நேராகப் பார்க்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 14, சண்டிகர் ஆஸ்பத்திரி

இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். தவசி இரண்டு கட்டில் தள்ளி, வலது கால் மாவுக்கட்டில் தொங்குகிறது. இத்தனை நாளாக அவனிடம் மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். பார்த்ததும் அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணே, ஒங்க காலுக்கு இனி நான் 'சரி' சொல்ல மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

வார்டில் சாதாரண டெலிபோன் ஒன்று இருக்கிறது. கம்பி வழியாக நேரே ஊருக்குப் போவது. இன்று மாலை எண்ணைச் சுழற்றினேன். தமயந்தி எடுத்தாள்.

"தமயந்தி, நான்தான். இங்க டாக்டர் இன்னா சொன்னார்னா..."

"விரல் போனா போவுது, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். வந்து, அந்த..."

"இன்னா சாப்ட்டீங்க? சப்பாத்தியா? வயிறு ஒத்துக்காதே உங்களுக்கு. அல்லி வந்து நிக்கிறா, பீமா எங்கன்னு கேட்டு என் உயிரை எடுக்குறா. பக்கத்துல கீறாரா அவரு? எப்ப ரயில் ஏத்துவாங்களாம்? நான் எங்கப்பாவைக் கூட்டினு சென்ட்ரலுக்கே வந்துடட்டுமா? ஏன் பேசவே மாட்டேன்றீங்க?"

நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். போனை அப்படியே தவசியின் கட்டில் வரை நீட்டிப் பிடித்தேன். அவன் தலையைத் தூக்கினான்.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.